பிளாஸ்டிக்குக்கு ஊற்றிய தண்ணீர்

1

பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் ஊற்றுகிற மனிதனை எங்கள் ஊர்ப்பக்கம் ஹட்டனில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். காலையில் பாண் வாங்கப் போகும் வழியில், இங்கே எங்கள் தெருக்கோடிப் பூங்காவில், செம்மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் பவுசர் லொறியை நிறுத்திவிட்டு, தரையில் விரித்திருந்த பச்சைப் பிளாஸ்டிக் புல்லின்மீது குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் அதன்மேல் விழுந்து ஓடி, கல்லுக்குள் இறங்கி, தெருவோரக் கானில் கலந்து போனது.

ஏன் ஊற்றுகிறான் என்று எனக்குத் தெரியும். அதற்கான காரணம் காலில் கட்டுப்போட்டு எங்கள் வீட்டுக் கட்டிலில் கிடந்தது. ஆனாலும் அவன் வாயால் கேட்க வேண்டும்போல இருந்தது.

"என்ன செய்கிறீர்கள்?" என்றேன்.

"சூட்டைத் தணிக்கிறேன் அம்மணி. வெயில் ஏற முன்னம் நனைத்துவிட வேண்டும் என்று உத்தரவு."

"தண்ணீரை மிச்சம் பிடிக்கத்தானே புல்லைப் பிடுங்கினீர்கள்?"

அவன் குழாயைக் கொஞ்சம் தாழ்த்தி என்னைப் பார்த்தான். பிறகு தோளைக் குலுக்கினான். "எனக்கு லொறி ஓட்டத்தான் சம்பளம்."

வீட்டுக்கு வந்ததும் நோர்வூட்டில் ஓட்டோ ஓட்டும் தம்பி ஜெயராஜுக்கு அழைப்பெடுத்துச் சொன்னேன். முதலில் அவனுக்கு விளங்கவில்லை. இரண்டாவது தடவை சொன்னதும் ஓட்டோவை ஓரம்கட்டிவிட்டுச் சிரித்தான்.

"மெய்யாவா அக்கா? பிளாஸ்டிக்குக்கா? இங்க தோட்டத்து லயத்துக்குத் தண்ணி வரலன்னு நேத்து பொம்பளைங்க குடத்தோட ரோட்டுல குந்திட்டாங்க. அங்க சும்மா கெடக்குற பிளாஸ்டிக்கக் குளிப்பாட்டுறாங்களா?"

"ஆமாடா."

"இத எழுது அக்கா. நான் வாயால சொன்னா ஸ்டாண்டுல ஒருத்தனும் நம்ப மாட்டான்."

எழுதுகிறேன். இந்த நகரத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அவுஸ்திரேலியாவின் உலர்ந்த நகரங்களில் ஒன்று. இங்கே கோடையில் காற்றே அடுப்படியிலிருந்து வருவதுபோல வரும். மாநகர சபைக்காரர்கள் மிகவும் மரியாதையானவர்கள். எதைச் செய்தாலும் சிரித்த முகத்தோடு, முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் செய்வார்கள்.

2

நான் நோர்வூட் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பித்தவள். என் கணவர் மரியதாஸ் அக்கரப்பத்தனையில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். அங்கிருந்து வளைகுடாவுக்குப் போனார். பிறகு கைத்தொழில் தெரிந்தவர் என்ற வகையில் இங்கே வந்தார். எங்கள் ஒரே மகள் ஷெரின் தத்தித் தத்தி நடந்த வயதில் விமானம் ஏறினாள். இன்று அவளுடைய தமிழ், வெள்ளைக்காரப் பிள்ளை பழகிக்கொண்டு பேசுவதுபோல இருக்கும். "அப்பா சாப்பிட்டுது" என்பாள். திருத்தினால், "விளங்குதுதானே அம்மா?" என்பாள். விளங்கியது. அதனால் திருத்துவதை விட்டுவிட்டோம்.

இவருக்குப் பாரிசவாதம் வந்தது ஒரு ஞாயிறு பூசைக்குப் புறப்படும்போது. பேச்சு மட்டும் போகாமல் தப்பியது, இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வைத்தியசாலையில் தூக்கி நிறுத்தினார்கள். நடக்கப் பழக்க ஒரு பிசியோதெரபிப் பெண் வீட்டுக்கு வந்தாள். சின்னப் பெண். இந்த நாட்டில் எனக்குப் பிடித்த சிலரில் ஒருத்தி.

"இவருடைய இடது பாதம் தரையை மறந்துவிட்டது," என்று அவள் சொன்னாள். "அதற்கு மறுபடி தரையை அறிமுகப்படுத்த வேண்டும். வலது காலில் சப்பாத்து இருக்கட்டும். இடது காலில் கழற்றிவிட்டுப் புல்லில் நடக்கட்டும். விழுந்தாலும் புல்லில் விழுந்தால் எலும்பு முறியாது."

அப்படித்தான் தெருக்கோடிப் பூங்கா எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது. தினமும் வெயில் சாய்ந்த பிறகு போவோம். பெரிய மரங்கள் சில, நடுவில் புல்வெளி, ஓரத்தில் உட்கார வாங்குகள். இவர் ஊன்றுகோலோடு ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடப்பார். ஒற்றைச் சப்பாத்தோடு நடக்கும் கறுப்பு மனிதரைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள்கூடப் பிறகு பழகிவிட்டார்கள். பின்னேரங்களில் அங்கே வருவது எங்களைப் போன்றவர்கள்தான். வியட்நாமியக் கிழவர்கள், தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருக்கும் ஆப்கானியப் பெண்கள், வாடகை வீட்டுக்காரர்கள். சொந்தமாக வீட்டுப் பின்புறத்தில் புல்லோ நீச்சல் குளமோ இல்லாதவர்கள்.

ஒருநாள் இவர் நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார்.

"ரீட்டா, ஈரமா இருக்கு."

"எதுங்க?"

"புல்லு. எடது காலுல ஈரம் தெரியுது."

பெருவிரல் பக்கம் மட்டும்தான் தெரிந்தது, அதுவும் கொஞ்சம்தான். குதிகாலுக்கும் உள்ளங்காலுக்கும் இன்னும் உயிர் வரவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து கோழிக்கறி வைத்தேன்.

3

இதை வாசித்துவிட்டு நான் புல்லுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். புல்தரை என்பதே துரைமார் கண்டுபிடித்த வீண்வேலை. தின்ன மாடு இல்லாத இடத்தில் புல் வளர்ப்பது, வளர்ந்ததை வெட்டுவது, வெட்டியதை எறிவது.

எங்கள் தோட்டத்துப் பங்களாவுக்கு முன்னால் அப்படி ஒரு புல்தரை இருந்தது. எங்கள் அம்மா கொழுந்து குறைந்த காலத்தில் பங்களா வேலைக்குப் போவாள். வேலை என்ன தெரியுமா? குந்தியிருந்து, முனை உடைந்த கத்தியால் புல்லுக்குள்ளிருந்து களை பிடுங்குவது. புல்லிலிருந்து புல்லைப் பிடுங்குவது! எது இருக்க வேண்டிய புல், எது போக வேண்டிய புல் என்று துரைசாணிக்குத்தான் தெரியும். மாசி மாதம் நாங்கள் குடம் பிடிக்கும் பீலியில் தண்ணீர் நூலாக வடியும். ஒரு குடம் நிறைவதற்குள் இரண்டு சண்டை முடிந்துவிடும். அந்த மாதத்திலும் பங்களாப் புல் பச்சையாகத்தான் இருந்தது. மேலே ஊற்றில் முதல் குழாய் பங்களாவுக்கு. அதில் மிஞ்சுவது பீலிக்கு.

நத்தார் பண்டிகைக்குப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுப்பார்கள். புல்லை மிதிக்காமல் சரளைப் பாதையில் வரிசையாக நிற்க வேண்டும். எனக்குப் பின்னால் நின்ற பிள்ளை தள்ளியதில் ஒரு கால் புல்லில் பட்டுவிட்டது. கங்காணி வந்து என் காதைத் திருகினார். பிஸ்கட்டையும் கொடுத்தார்.

ஆகவே, சபை இந்தப் பூங்காப் புல்லைப் பிடுங்கப் போகிறோம் என்றபோது என் முதல் எண்ணம், நல்லது, பிடுங்குங்கள் என்பதுதான். இவருடைய இடது கால் மட்டும் இல்லையென்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்திருக்கும்.

4

செய்தியைக் கொண்டுவந்தவள் எங்கள் மகள். ஷெரின் பூங்காக்களை வடிவமைக்கும் ஒரு கம்பனியில் வேலை செய்கிறாள். சபை அந்தக் கம்பனியிடம் வேலையைக் கொடுத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மடிகணினியைத் திறந்து எங்கள் பூங்காவைக் காட்டினாள். புல் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கற்கள் ஆறுபோல வளைந்து போயின. ஓரங்களில் உலர்நிலச் செடிகள். நிழலுக்குப் பந்தல்கள். பந்தலின்கீழ் சிரித்துக்கொண்டிருந்த வரைபட மனிதர்களில் ஒருவர்கூடக் கிழவர் இல்லை.

"அணையில் தண்ணி இல்லை அம்மா. புல்லு எவ்வளவு குடிக்குது தெரியுமா? இது சயன்ஸ்."

"சரி, கோல்ஃப் மைதானத்துப் புல் குடிக்காதா?" பூங்காவுக்கு எதிர்ப்புறம், வேலிக்கு அப்பால், மலைச்சரிவு போலப் பச்சையாகக் கிடப்பது கோல்ஃப் மைதானம்.

"அது அவங்க சொந்தக் கிணறு."

"கிணத்துக்குத் தண்ணி எங்கேருந்து வருது? கிணறே பெத்துப் போடுதா?"

அவள் அடுத்த படத்தைக் காட்டினாள். தகப்பன்தான் கேட்டார். "பாப்பா, நான் எங்க நடக்குறது?"

"பாதை போடுறோம் அப்பா. நல்ல அகலப் பாதை. வீல்சேரே போகலாம்."

"வீல்சேருக்குப் போகாம இருக்கத்தானே நடக்குறேன்."

அவள் சொன்ன விஷயத்தில் பொய்யில்லை. தண்ணீர் இல்லைதான். என் மகள் கெட்டிக்காரி, நம்பித்தான் வரைந்தாள். ஆனால் முதலில் எந்தப் பூங்கா என்று தெரிந்தெடுத்தது வரைபடம் இல்லை. பணக்காரப் பகுதியிலும் இதேமாதிரிப் பூங்காக்கள் இருக்கின்றன. அங்கே வழக்கறிஞர்கள் குடியிருக்கிறார்கள். இங்கே நாங்கள் குடியிருக்கிறோம்.

இந்த நாட்டில் எதையும் கேட்காமல் செய்ய மாட்டார்கள். ஆகவே மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். வாசலில் கேக் வைத்திருந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட திட்ட அதிகாரி ஒருத்தி, உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம் என்று ஆரம்பித்தாள். எல்லோருக்கும் ஒட்டும் கடதாசி கொடுத்து, கருத்தை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னாள். வயதுபோன வியட்நாமியர்கள் வெற்றுக் கடதாசியை ஒட்டிவிட்டுக் கேக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களே விவரமானவர்கள்.

கூட்டத்துக்கு முன்னால் நான் இங்குள்ள தமிழ்ச் சங்கத்துச் செயலாளரிடம் போயிருந்தேன். நாலு பேர் கையெழுத்து வைத்தால் நல்லது என்றேன்.

"நீங்கள் ஊரில எவடம்?" என்று வடக்குத் தமிழில் கேட்டார்.

"நோர்வூட்."

"ஓ, தோட்டப் பக்கமோ," என்றார். தோட்டத்து ஆட்களை ஒரு படி இறக்கிவைக்கும் அந்த 'ஓ'வை நாங்கள் கொழும்பிலும் கேட்டிருக்கிறோம், விமானம் ஏறி வந்து இங்கேயும் கேட்கிறோம். பிறகு, "சபைதான் எங்களுக்குப் பொங்கலுக்கு மண்டபம் தருகுது. ஒரு புல்லுக்காக அவையளோட கொழுவிச் சண்டைபிடிக்கேலாது," என்றார். அவர் வீட்டுப் புல் நன்றாக வெட்டப்பட்டிருந்தது.

கூட்டத்தில் ஷெரின் படம் போட்டு விளக்கினாள். அழகாகப் பேசினாள். பேசி முடித்ததும், கேள்வி உண்டா என்று அதிகாரி கேட்டாள். என் பக்கத்திலிருந்து ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு இவர் எழுந்தார். எழுவதற்கே நேரம் எடுத்தது. மண்டபம் பொறுமையாகச் சிரித்தபடி காத்திருந்தது. மேடையில் ஷெரின் முகம் சிவந்துவிட்டது.

தொழிற்சாலையில் பழகிய ஆங்கிலம் இவருடையது. மெஷினைப் பற்றி எதுவும் சொல்வார். மற்றதற்குச் சொற்கள் குறைவு. "ப்ளீஸ்," என்றார். "எல்லாத்தையும் எடுக்காதீங்க. கொஞ்சம் பச்சை விடுங்க. எனக்கு நடக்கப் பச்சை வேணும்."

புல் என்ற சொல் அவருக்குத் தெரியாமலில்லை. அந்த நேரத்தில் வாயில் வந்தது பச்சை என்ற சொல். அதிகாரி தலையைச் சாய்த்து, அதை ஒரு கடதாசியில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். பச்சை.

எல்லோரும் கைதட்டினார்கள்.

5

புல்லை உரிப்பதை நாங்கள் நின்று பார்த்தோம். ஆட்டுத் தோல்போலச் சுருட்டிச் சுருட்டி லொறியில் ஏற்றினார்கள். கீழே இருந்த மண் அவ்வளவு கறுப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு ஆன செலவைக் காசில் சொல்ல எனக்கு விருப்பமில்லை; தம்பி அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்து வயிறெரிவான். எதற்கெல்லாம் செலவழித்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன். கல் வந்தது. இந்த நாட்டில் நாலு பக்கமும் கல். ஆனாலும் நிறம் சரியில்லை என்று வேறொரு நாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். தண்ணீரின் அருமையை உணர்த்த ஒரு கலைஞர் வந்து, தண்ணீர் இல்லாத நீரூற்று ஒன்றைச் செம்பில் செய்து நிறுத்தினார். செடிகள் வந்தன, நட்ட கோடையிலேயே பாதி செத்தன, செத்தவற்றை எடுத்துவிட்டு மறுபடி நட்டார்கள். கல்லுக்கிடையில் களை முளைத்தது. புல்லில் களை பிடுங்க அம்மாவுக்குக் கத்தி கொடுத்தார்கள். கல்லில் களை பிடுங்க இங்கே முகமூடி போட்டு மருந்து அடித்தார்கள். மருந்தடித்த நாட்களில் யாரும் உள்ளே போகக்கூடாது.

பிறகு மரங்கள் வாடத் தொடங்கின. அத்தனை காலமும் புல்லுக்கு அடித்த தண்ணீரைத்தான் மரங்களும் குடித்திருக்கின்றன. புல்லை எடுத்ததும் குழாயையும் எடுத்துவிட்டார்கள். நடுக்கோடையில் இலை கொட்டியது. ஒரு பெரிய கிளை முறிந்து வாங்கின்மீது விழுந்தது. அதிர்ஷ்டவசமாக யாரும் இல்லை. மரவைத்தியர் ஒருவர் கையுறையோடு வந்து தட்டிப் பார்த்தார். இரண்டு மரங்களை வெட்டினார்கள். மிச்ச மரங்களுக்குத் தண்ணீர் ஊற்ற பவுசர் வரத் தொடங்கியது.

ஷெரின் வரைந்த நிழல் பந்தல்களைக் காணவில்லை. கல்லுக்கும் செம்புக்கும் கொடுத்ததில் காசு முடிந்துவிட்டது. பந்தலை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

ஆனால் ஒரு மூலையில், மரம் வெட்டிய வெளியில், பச்சை வந்தது. ஒரு நாள் நாங்கள் போகும்போது சுருள் சுருளாகக் கொண்டுவந்து விரித்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக். பக்கத்தில் ஒரு பலகை: நீங்கள் கேட்டீர்கள், நாங்கள் செவிமடுத்தோம்.

ஷெரினிடம் கேட்டேன். அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். "நான் போடவில்லை அம்மா. சபை மாத்தினது. மக்கள் கூட்டத்தில பச்சை கேட்டாங்களாம்."

"யாரு கேட்டது?"

"உனக்குத் தெரியும்தானே."

இந்த மாதங்களில் தம்பியிடமும் பேசிக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் தோட்டத்துப் பங்களா இப்போது சுற்றுலா விடுதி. வெள்ளைக்காரர்களை ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து ஏற்றிப்போய் இறக்குவது அவன் பிழைப்பு. புல்தரை இன்னும் பெரிதாகிவிட்டதாம். அதன்மேல் கதிரை போட்டுத் தேநீர் கொடுக்கிறார்கள். ஊற்றுத் தண்ணீர் முழுக்க விடுதித் தாங்கிக்கு. லயத்துக்கு முறை வைத்துத் திறந்துவிடுகிறார்கள்.

"அறைக்குள்ள எழுதின அட்ட வச்சிருக்காங்க அக்கா," என்றான். "தண்ணிய மிச்சம் பண்ணுங்க, குளிச்ச துவாயத் திரும்பப் பாவிங்கன்னு. வெளியில ஸ்ப்ரிங்ளர் சுத்துது."

மிச்சம் பிடிப்பது எல்லா நாட்டிலும் ஒரே ஆட்களின் வேலைதான் போலிருக்கிறது.

6

இவர் அந்தப் பச்சையைப் பிளாஸ்டிக் என்று அறிந்துதான் இருந்தார். ஆனாலும் மாதக்கணக்காகச் சிமெந்துப் பாதையில் நடந்து சலித்தவர். கல்லில் ஊன்றுகோல் நிற்காது. நடை குறைந்து, வெளியே வருவதே குறைந்து, கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிசியோப் பெண் கவலைப்பட்டாள். ஆகவே ஒரு நாள் இவராகவே, "வா, அந்தப் பாயில நடந்து பாப்போம்," என்றபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அனல் அடித்த வாரம் அது. வெயில் சாய்ந்திருந்தது, ஆனால் பகல் முழுக்க அந்த மூலையில் நிழல் விழுந்திருக்கவில்லை. இவரை விட்டுவிட்டு, எதிர்க் கடையில் மருந்தொன்று வாங்கி வரப் போனேன். கடையில் கூட்டம். திரும்பி வரும்போது இவர் நடுவில் நின்றுகொண்டிருந்தார். வலது காலில் சப்பாத்து. இடது கால் வெறுங்கால். ஊன்றுகோல் கீழே கிடந்தது.

"ரீட்டா! பாத்தியா, கோலு இல்லாம நிக்கிறேன்."

முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பல மாதங்கள். நான் கைதட்டினேன். அவர் இன்னும் ஒரு சுற்று நடந்து காட்டினார். குனிந்து தரையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்குள் வந்த பிறகுதான் தரை ஓடுகளில் அடையாளம் கண்டேன். ஈரமான பாதத்தடம், ஒற்றைக்கால். தண்ணீர் என்று நினைத்தேன். உட்காரவைத்து காலைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளங்கால் தோல் கொப்பளித்து, உடைந்து, ஒரு பக்கம் உரிந்து தொங்கியது.

"என்ன புள்ள, என்னா பாக்குற?"

"ஒண்ணுமில்லீங்க. அசையாதீங்க."

"வலிக்கலியே."

"அதாங்க."

வைத்தியசாலையில் தொடையிலிருந்து தோல் எடுத்துக் காலில் வைத்தார்கள். இந்தக் கோடையில் இப்படி வருவதில் இவர் முதல் ஆள் இல்லை என்று தாதி சொன்னாள். விளையாட்டு மைதானங்களிலிருந்து குழந்தைகளின் முழங்கால்களும் வருமாம்.

ஷெரின் வேலையிலிருந்து நேராக ஓடி வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று அந்தக் கட்டைப் பார்த்தாள். தகப்பன்தான் அவளை ஆறுதல் படுத்தினார்.

"நான்தானே பாப்பா பச்ச கேட்டேன். புல்லுன்னு கேட்டிருக்கணும்."

அவள் வெளியே போய்விட்டாள். நான் பின்னால் போனேன். வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தாள். கண்ணாடியைத் தட்டினேன். திறக்கவில்லை. நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் திறந்தாள்.

"பிளாஸ்டிக்காக மாத்துற கடிதம் எனக்கு முன்னமே வந்தது அம்மா," என்றாள் ஆங்கிலத்தில். "சூடாகும் என்று எனக்குத் தெரியும். சின்ன இடம்தானே, யார் வெறுங்காலோடு நடக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்."

அவளுக்குத் தகப்பன் எப்படி நடப்பார் என்று தெரியும்.

சபைக்கு நான் தொலைபேசியில் முறையிட்டேன். இசை கேட்டேன், எண் ஒன்றை அழுத்தினேன், மறுபடி இசை கேட்டேன். பிறகு அதே அதிகாரி, அதே கழுத்து அட்டை, பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்தாள். மிகவும் வருந்துவதாகச் சொன்னாள். ஆனால் வருத்தப்படுவது பொறுப்பேற்பதாக ஆகாது என்பதையும் சொன்னாள். "அந்தத் தரையில் வெறுங்காலோடு நடக்கும்படி நாங்கள் யாரையும் ஊக்குவிக்கவில்லை," என்றாள்.

கட்டிலில் இருந்து இவர் கேட்டார். "புல்லுல நடக்க யாரும் ஊக்குவிக்கணுமா?"

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் பூங்காவில் இன்னொரு பலகை முளைத்தது: தரை சூடாக இருக்கலாம். அதன் பிறகுதான் பவுசர் பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கியது. புல் குடித்ததைவிட அது அதிகமா குறைவா என்று எனக்குத் தெரியாது. புல் குடித்தது, இது குடிக்கவில்லை. அவ்வளவுதான் நான் கண்ட வித்தியாசம்.

7

மேலே உள்ளதை எழுதி வைத்து மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது மிச்சத்தையும் சொல்லிவிடலாம்.

ஷெரின் வேலையை விடவில்லை. வீட்டுக் கடன் இருக்கிறது. விட்டுவிடு என்று நாங்களும் சொல்லவில்லை. ஆனால் சபைக்கு அவள் எழுதினாள், மேலதிகாரி வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதினாள். அவளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டு வாகனத் தரிப்பிடங்கள் வரையப் போட்டார்கள். பின்னேரங்களில் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். தகப்பனை நான்கு கால் நடைக்கூடையைப் பிடிக்கவைத்து, வீட்டு விறாந்தையில் மேலும் கீழும் நடத்துவாள். இருவரும் அதிகம் பேசுவதில்லை. எண்ணிக்கொண்டு நடப்பார்கள், அவள் ஆங்கிலத்தில், இவர் தமிழில்.

இதற்கிடையில் பணக்காரப் பகுதிப் பூங்காவில் கை வைக்கும் முறை வந்தது. அங்கே ஒட்டும் கடதாசி எடுபடவில்லை. வழக்கறிஞர்கள் வந்தார்கள், பத்திரிகை வந்தது. புல் எவ்வளவு முக்கியம் என்று நிபுணர்கள் எழுதினார்கள். மரத்துக்கு முக்கியம், மூச்சுக்கு முக்கியம், மனநலத்துக்கு முக்கியம். அந்தப் பூங்காவைத் தொடவில்லை. சபைக்கு ஞானம் பிறந்துவிட்டது. நகரத்திலேயே முதன்முறையாக, புதிய ஆலோசகர்களின் துணையோடு, 'உயிருள்ள தரை' என்றொரு முன்னோடித் திட்டம் அறிவித்தார்கள். எங்கள் பூங்காவின் மூலையில் பிளாஸ்டிக்கை உரித்துவிட்டு, அந்த இடத்தில் உண்மையான புல் வைப்பார்களாம். எடுத்த புல்லை எங்கே கொட்டினார்களோ, புதுப்புல் நர்சரியிலிருந்து விலைக்கு வந்தது.

அதற்கு ஒரு விழா. மேயர் வருகிறார். அழைப்பு இவர் பெயருக்கு வந்தது. தம்பியிடம் சொன்னபோது, "மச்சான் போவாரா?" என்று கேட்டான். போக மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் இவர், "போவோம். என்னதான் செய்றாங்கன்னு பாப்போம்," என்றார். பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையை எடுத்துத் தரச் சொன்னார்.

ஷெரினும் வந்தாள், வேலைக்காக இல்லை, எங்களோடு. புல் பாய்போல விரிக்கப்பட்டு, ஓரம் தெரியாமல் பொருத்தப்பட்டிருந்தது. வியட்நாமியக் கிழவர்கள் வந்திருந்தார்கள், கேக் இருந்தது. மேயர் பேசினார். பிழைகளிலிருந்து கற்றுக்கொள்ளும் நகரம் என்றார். சமூகத்திடம் கற்றோம் என்றார். யாருடைய தோலில் கற்றார்கள் என்று சொல்லவில்லை. பிறகு இவரை முன்னால் அழைத்தார்கள். நடைக்கூடையை ஊன்றிப் புல்லின்மேல் ஏறினார். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் ஷெரின்.

புகைப்படக்காரன் மண்டியிட்டான். அதிகாரி குனிந்து, மலர்ந்த முகத்தோடு சொன்னாள்: "திரு. மரியதாஸ், சப்பாத்தைக் கழற்றுவோமா? வெறுங்காலோடு புல்லில் நீங்கள். அதுதான் நாங்கள் எடுக்க விரும்பும் படம்."

இவர் அவளைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. காது கேட்கவில்லை என்று நினைத்து அவள் இன்னும் சத்தமாக, இன்னும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். மேயர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். கூட்டம் அதே பொறுமையான சிரிப்போடு காத்திருந்தது.

அதிகாரி ஷெரினின் முழங்கையைத் தொட்டாள். "உங்கள் மொழியில் கேட்டுப் பாருங்களேன்."

ஷெரின் தகப்பன் பக்கம் திரும்பினாள். அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். ஒரு கையை அவருடைய கையின்மேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, தெளிவாகத் தமிழில் சொன்னாள்.

"அப்பா, கழட்ட வேணாம். அவங்க என்ன கேட்டாலும் கழட்ட வேணாம்."

"சரி பாப்பா," என்றார் இவர்.

அதிகாரி ஷெரினுக்கு நன்றி சொன்னாள். புகைப்படக்காரன் கமராவை உயர்த்திக்கொண்டு காத்திருந்தான்.